மூன்று தலை, ஒரு தலை, அரைத் தலை

என் இரண்டு வருட ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்குச் சொல்லத் தொடங்கி முக்கிய இடத்துக்கு வருவதற்குள் மூன்று தலைகள் மொட்டையாகியிருந்தன. ஒரு தலைக்கு ஐந்து நிமிடம். கட்டுக்குடுமி என்றால் ஏழு. அன்று குடுமி ஒன்றும் இல்லை. ஆகப் பதினைந்து நிமிடம். நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்:

“மூணு மண்டை முடிஞ்சிபோச்சு சார். நீங்க இன்னும் உப்பையே கரைக்கல.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விளக்காமல் ஒரு கல்யாண வீட்டில் இந்தக் கதையை ஆரம்பித்து, பக்கத்து இலைக்காரர் என்னை முடி ஆராய்ச்சிக்காரன் என்று நினைத்துக்கொண்டு வழுக்கைக்கு மருந்து கேட்டார். பாயசம் வரும்வரை விடவில்லை.

என் ஆராய்ச்சி விதைநெல்லைப் பற்றியது. ஐம்பதுகளின் நடுவில் விவசாய இலாகாவில் ஓர் இளநிலை உத்தியோகத்தில் திருத்தணிக்கு வந்தேன். அப்போது ஊர் ஆந்திரத்தில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வயது இருபத்தாறு. வேலை எளியதுதான். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டினால் பொக்கு நெல்லும் அரைகுறையாகப் பால் பிடித்த நெல்லும் மிதக்கும். கனத்த மணி மூழ்கும். மூழ்கியதை மட்டும் விதைத்தால் நாற்று சீராக வரும். இது நான் கண்டுபிடித்ததல்ல. இந்தப் பக்கத்து நெல்லுக்கு எவ்வளவு உப்பு, இந்த மண்ணில் என்ன பலன் என்று பார்ப்பதே என் பங்கு. அதற்காக இரண்டு வருடம் கதிர்களை மடியில் போட்டுக்கொண்டு மணி மணியாக எண்ணினேன். முடிவில் நாற்பத்தெட்டுப் பக்கத்தில், பத்தொன்பது அட்டவணைகளோடு ஓர் அறிக்கை எழுதினேன். அதை முழுதாகப் படித்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் தட்டச்சு செய்தவர். அவரும் எட்டாவது அட்டவணையை விட்டுவிட்டார்.

சித்தூரிலிருந்த என் மேலதிகாரி அறிக்கையைக் கையில் எடுத்து எடை பார்த்தார். சின்னச் சின்னப் பாத்திகளில் செய்தது போதும், இனி குடியானவர்களின் சொந்த நிலத்தில் செய்து பார்க்க வேண்டும் என்றார். பன்னிரண்டு பேர் தங்கள் விதையை உப்புத் தண்ணீரில் தேர்ந்து இந்தச் சம்பாவுக்கு விதைக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் கூட்டம் சேரும். மலையடிவாரத்தில் ஒரு கீற்றுப் பந்தல் போட்டுத் தருகிறேன், அங்கே நின்று சொல்லுங்கள். மூன்றாம் நாள் நான் வரும்போது பன்னிரண்டு கையெழுத்து இல்லையென்றால் இந்த ஆராய்ச்சிக்கு மூடுவிழா, நீங்கள் சித்தூர் வந்து பழைய பதிவேடுகளைப் படியெடுக்கலாம். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக, ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்றும் சொன்னார்.

நான் ஒரு முழுத்தாளில் ஸ்கேல் வைத்துப் பன்னிரண்டு கோடு போட்டு, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதினேன். அந்த வேலை மட்டும் குறித்த நேரத்தில் முடிந்தது.

முதல் நாள் ஊரே காவடியாக நகர்ந்தது. மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்து என்பார்கள். நான் நான்கு முறை எண்ணி நான்கு விடை கண்டவன். ஆனால் என் பந்தலுக்கு வந்தவர்களை எண்ணுவதில் குழப்பமே இல்லை. மதியம்வரை ஏழு பேர். இருவர் குளத்துக்கு வழி கேட்டார்கள். இருவர் செருப்பை விட்டுப்போக இடம் கேட்டார்கள். ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒருவர் மழை வருமா என்று கேட்டார். ஏழாமவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, தனக்குத் தமிழ் வராது என்று தெலுங்கில் சொன்னார்.

பக்கத்துப் பந்தல் மொட்டை போடும் இடம். நடுப்பலகையில் வேலை செய்த நாவிதருக்கு என் வயதுதான் இருக்கும். வாய்க்கும் கைக்கும் ஓய்வில்லாத மனிதர். காலையிலிருந்து என் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மதியத்துக்கு மேல் என்னைக் கூப்பிட்டார்.

“இன்னா சார், காத்துகிட்ட பேசிகினு கீறீங்க. நம்ம பலகைல குந்துனவன் எழுந்து ஓட முடியாது. தலையைக் குனிஞ்சிகினு இருப்பான், காது சும்மாதான கீது. அதுல சொல்லுங்க.”

அப்படித்தான் அந்த மூன்று தலைகள். முதல் தலை முழுவதும் ஜில்லாவின் மழை அளவைச் சொன்னேன். இரண்டாம் தலையில் நெல் ரகங்களும் மண் வகைகளும் வந்தன. அந்தத் தலைக்குரியவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். நாவிதர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆளைத் தூங்க வைக்காதீர்கள், தலை ஆடி ரத்தம் வந்தால் என்னைத்தான் ஏசுவார்கள் என்று கெஞ்சினார். மூன்றாம் தலையில் அட்டவணைகள். உப்பு வருவதற்குள் அவர் தலையில் சந்தனம் பூசியாகிவிட்டது.

அன்று சாயங்காலம்வரை நான் பேசுவதும் பேச்சிலிருந்து வரிகளை அடிப்பதுமாக இருந்தேன். மழை அளவை எடுத்ததில் முக்கால் தலை மிச்சம். அட்டவணைகளை எடுத்தபோது ஒரு முழுத் தலை மிச்சம். எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் கடைசியாக ஒருமுறை படித்துக்கொண்டேன். பதினோராம் அட்டவணைக்கு மட்டும் நான் எண்ணிய கதிர்கள் அறுநூறு. நாவிதருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. தலையிலிருந்து விழும் முடியைப் பார்ப்பதுபோலத்தான் அதையும் பார்த்தார்.

ஒரு சொல்லில் மட்டும் இருவரும் நெடுநேரம் நின்றோம். என் பேச்சில் “முழு வளர்ச்சி எய்தாத நெல்மணிகள்” என்று ஒன்பது இடத்தில் வந்தது.

“எய்தாதன்னா இன்னா சார்?”

சொன்னேன்.

“சாவி. சாவின்னு சொல்லிட்டுப் போங்களேன். நாலு வார்த்தை எதுக்கு?”

அவர் சொன்னது சரி. மணி பிடிக்காத நெல்லுக்கு அந்தப் பக்கம் சாவி என்றுதான் பெயர். தெலுங்குக்காரர்களுக்குத் தாலு. ஒன்பது இடத்திலும் மாற்றினேன். அடுத்த தலை பட்டணத்திலிருந்து வந்த ஒரு குமாஸ்தா. உப்புத் தண்ணீரில் சாவி மிதக்கும் என்று நான் சொன்னதும் குனிந்த தலையிலிருந்து குரல் வந்தது.

“இரும்பு எப்படி சார் மிதக்கும்?”

நாவிதர் சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. எனக்கோ கவலை. ஆனால் யோசித்தபோது அதுவும் நல்லதுக்குத்தான் என்று பட்டது. சாவி என்றதும் பூட்டை நினைப்பவர் எனக்கு வேண்டாதவர். நெல்லை நினைப்பவர் வேண்டியவர். அந்த ஒரு சொல்லே கூட்டத்தைத் தேர்ந்து கொடுத்துவிடும்.

இருட்டுவதற்குள் பேச்சு சரியாக ஒரு தலைக்கு வந்துவிட்டது. அதிகாரி கேட்ட ஐந்து நிமிடம். நாவிதருக்குத் திருப்தியில்லை. பாதித் தலையிலேயே ஜனங்கள் நெளிய ஆரம்பிக்கிறார்கள், அதற்குள் முடிக்க வேண்டும் என்றார். மறுநாள் காலை அதையும் செய்தேன். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றியதையெல்லாம் அடித்தேன். அரைத் தலை. இரண்டரை நிமிடம்.

செய்து காட்டுவதற்கான ஏற்பாட்டை முதல் நாள் இரவே தொடங்கியிருந்தேன். எவ்வளவு உப்புக் கரைப்பது என்பதற்கு இலாகாவின் துண்டுப் பிரசுரத்தில் ஒரு வழி சொல்லியிருந்தது: தண்ணீரில் ஒரு கோழிமுட்டையைப் போட்டு, அது எழும்பி மிதக்கும்வரை உப்பைச் சேர்க்க வேண்டும். நான் முன்னறையில் குடியிருந்த வீட்டுக்காரர் கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். கிருத்திகை விரதத்தில் முட்டை எங்கே கிடைக்கும் என்று அவரிடமே போய்க் கேட்டேன். அந்தச் சொல்லை வாசற்படிக்கு வெளியே போய்ச் சொல்லச் சொன்னார். கொடியில் சேவல் இருக்கலாம், அடிவாரத்தில் முட்டை இருக்கக் கூடாதா என்று வெளியே நின்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அன்று இரவு எனக்கு வந்த ரசத்தில் உப்பே இல்லை. தற்செயலா என்று இன்றுவரை தெரியாது.

கடைசியில் ரயிலடி ஓட்டலில் ஓர் உருளைக்கிழங்கு வாங்கினேன். அதுவும் வெறும் தண்ணீரில் மூழ்கும், உப்பு ஏறினால் மிதக்கும். மடப்பள்ளிக்குள் நுழைய முடியாத சீமைக் கிழங்குதான் அது என்றாலும், முட்டைக்கு அது தேவலை என்று வீட்டுக்காரர் மனமிறங்கி, தன் பெரிய பித்தளை அண்டாவையே இரவல் தந்தார். நல்ல நாளில் பாத்திரம் வெளியே போகிறது என்று அதற்கு விபூதிப்பட்டை போட்டு, குங்குமமும் வைத்துக் கொடுத்தார். அப்போது நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை அண்டாவை முக்காலியில் ஏற்றி, உப்பைக் கரைத்து, கிழங்கை மிதக்கவிட்டு, விதைநெல் மூட்டையை எடுத்துவர வீட்டுக்குப் போனேன். இருபது நிமிடத்தில் திரும்பினேன். பந்தலில் வரிசை நின்றது. நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவராகக் கையை ஏந்தி, அண்டாவிலிருந்து மொண்டு குடித்து, மிச்சத்தைத் தலையில் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கிழங்கின் மேல் யாரோ ஒரு சாமந்திப் பூ வைத்திருந்தார்கள்.

“கரிக்குதே,” என்றார் ஒருவர்.

“கரிக்காதா பின்ன? செந்தூர்க் கடல் தண்ணியாம். அங்கேந்து கொண்டாந்து கீறாங்க,” என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர், நேரில் பார்த்தவர்போல.

நெல் மூட்டையைக் கீழே இறக்கினேன். உண்மையைச் சொன்னால் கூட்டம் போய்விடும், அடியும் விழலாம். சொல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் தீர்ந்துவிடும். நான் இன்னொரு முக்காலியில் ஏறி நின்றேன். குரல் கீச்சென்று வந்தது.

“இது தீர்த்தம் இல்லைங்க. உப்புத் தண்ணி. நான்தான் கரைச்சேன்.”

மூன்று கை குடித்திருந்த ஒருவர் என்னையே பார்த்தார். மொட்டைப் பந்தலிலிருந்து நாவிதரின் குரல் மட்டும் வந்தது. “சொல்லுங்க சார், இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன். அரைத் தலை டயம் கீது.”

நான் இரண்டு கை நெல்லை அள்ளி அண்டாவில் வீசினேன். “இது விதைக்குன்னு எடுத்து வச்ச நெல்லு. பாருங்க. முங்கினது மணி. மேல நிக்கிறது சாவி. தாலு. வெறும் தண்ணில போட்டா அரைச் சாவியும் மணியோட சேர்ந்து முங்கி ஏமாத்திடும். உப்புத் தண்ணி காட்டிக் குடுத்துடும். முங்கினதை மட்டும் விதைங்க, நாத்து ஒண்ணுபோல வரும்.”

வரிசையில் நின்றவர்கள் அண்டாவைச் சுற்றி நெருக்கினார்கள். நெல்லைப் பார்க்கத் தெரிந்தவர்கள் முன்னால் வந்தார்கள். பூட்டுக்காரர்கள் மெல்ல நகர்ந்தார்கள். அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் ஒரு பாதி பளபளவென்று மொட்டை; மறுபாதியில் ஈரக் கூந்தல் தொங்கியது. பலகையிலிருந்து அப்படியே எழுந்து வந்துவிட்டார். பின்னாலேயே நாவிதர் கத்தியோடு ஓடிவந்தார்.

“யம்மா, பாதித் தலையோட போனீங்கன்னா சாமி பாதி வேண்டுதல்னுதான் எழுதிக்கும்.”

அந்த அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. மிதந்த நெல்லை விரலால் எடுத்து நகத்தால் உரித்துப் பார்த்தார். உள்ளே பாதி அரிசிதான் இருந்தது.

“பார்த்தா நல்ல நெல்லாட்டம் கீதே,” என்றார். “எங்க வூட்டு விதைலயும் இம்மாம் சாவி இருக்குமா?”

இருக்கலாம் என்றேன். முதல் கோட்டில் அவர் கைநாட்டு விழுந்தது. அதன்பிறகு எனக்கு நெல்லை வீசுவதும் மை டப்பாவை நீட்டுவதும்தான் வேலை. வந்தவர்கள் பலகையில் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்கள், அல்லது என்னிடம் கேட்டுவிட்டுப் பலகைக்குப் போனார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பன்னிரண்டாவது கோடும் நிரம்பியது. தலையில் துண்டை முண்டாசாகக் கட்டிய பெரிய ஆகிருதி. காவடியை இறக்கி வைத்துவிட்டு, தமிழில் அழகாகக் கையெழுத்தே போட்டார். நான் தாளை மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் பன்னிரண்டுதான்.

மூன்றாம் நாள் காலை அதிகாரி வந்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பேசச் சொல்லி, சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டரை நிமிடம், பேஷ் என்றார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாருக்கும் பேஷ் சொல்லி நான் கேட்டதில்லை. காரில் ஏறும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“கழுவறதைத் தனியா சொல்லிடறீர் இல்லையா?”

நான் தலையை ஆட்டினேன். கார் போய்விட்டது. பேச்சுத் தாளை எடுத்து அந்த வரியைத் தேடினேன்.

உப்பில் தேர்ந்த விதையை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். அலசாவிட்டால் நெல்லில் ஒட்டிய உப்பு முளையைக் கெடுத்துவிடும். என் அறிக்கையில் இது முப்பத்தோராம் பக்கம். மூன்று தலைப் பேச்சில் இருந்தது. ஒரு தலைப் பேச்சிலும் இருந்தது. அரைத் தலைக்காக நான் அடித்தது அதைத்தான். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அடித்தது.

பன்னிரண்டு வீட்டு விதைநெல். அது முளைக்காமல் போனால் என் ஆராய்ச்சி போவது கிடக்கட்டும், அந்தக் குடும்பங்கள் விதைக்கு எங்கே போகும்? நேற்றே வீடு திரும்பி, ராத்திரியே ஊறப்போட்டிருப்பார்கள். வாடகைச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கனகம்மாசத்திரம் சாலையில் மிதித்தேன். மொட்டைத் தலைகள் சாரி சாரியாக எதிரே வந்தன. வழக்கம்போல எண்ணவில்லை. அவ்வளவு பயம்.

முதல் கோட்டு அம்மாள் வீட்டு வாசலில் சாக்கு விரித்து நெல் காய்ந்துகொண்டிருந்தது. அவர் முழுத் தலையும் இப்போது மொட்டை. நான் குனிந்து நான்கு நெல்லை எடுத்து வாயில் போட்டேன். உப்பு இல்லை. இன்னும் நான்கு போட்டேன். இல்லவே இல்லை.

“இன்னா சார், பசியா?” என்று கேட்டார் அவர். “சோறு கீது, குந்துங்க.”

அலசினீர்களா என்று கேட்டேன்.

“ஆங், அலசாம? மொட்டை போட்டுகினு குளிக்காம யாருனா வூட்டுக்குள்ள வருவாங்களா? நெல்லுக்கும் அப்டித்தாம்மா, உப்புல போட்டு எடுத்தா மூணு முழுக்குப் போடணும்னு அவுருதான் சொன்னாரே.”

அவர் என்றது நாவிதரை. என் மூன்று தலைப் பேச்சையும் ஒரு தலைப் பேச்சையும் முதல் நாள் முழுக்கக் காதில் வாங்கிய ஒரே மனிதர் அவர்தான். நான் அடித்த வரியை அவர் அடிக்கவில்லை. ஒவ்வொரு தலையையும் வழித்து முடித்துக் குளத்துக்கு அனுப்பும்போது, பேச்சோடு பேச்சாக அதையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் முதுகைத் திருப்பிக்கொண்டு கைநாட்டை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நியாயமாக நான் அங்கேயே திரும்பியிருக்கலாம். ஆனால் பன்னிரண்டில் ஒன்றை மட்டும் சரிபார்த்துவிட்டுத் தூங்குகிறவன் அல்ல நான். நான்கு கிராமங்கள். தாளில் இருந்த வரிசைப்படியே போனேன்; அதனால் ஒரே தெருவுக்கு இரண்டு முறை போக நேர்ந்தது, பன்னிரண்டாம் எண்காரர் வீட்டைத் தாண்டியே மூன்று முறை போனேன். எண்ணை மாற்றிப் போக மனம் வரவில்லை. இதற்காக இன்றும் என்னை நானே திட்டிக்கொள்வதுண்டு. ஒவ்வொரு வீட்டிலும் நெல்லை வாயில் போட்டுப் பார்த்தேன். இருவர் இன்னும் உப்பே வாங்கவில்லை. பதினோராம் வீடுவரை மற்றவர்கள் எல்லோரும் மூன்று முழுக்குப் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஐந்து. மொட்டைக்குப்பின் தானே குளத்தில் ஐந்து முழுக்குப் போட்டதாகச் சொன்னார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பன்னிரண்டாம் வீடு. விதை ஈரச் சாக்கில் கட்டி முளைக்கு வைத்திருந்தது. ஒரு நெல்லை நாக்கில் வைத்தேன். உப்பு சுரீர் என்றது.

நான் கத்திய கத்தலில் அவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு நடந்தார். அவர் இறைத்தார், நான் அலசினேன். மூன்று முறை போதும். நான் எட்டு முறை அலசினேன். ஒவ்வொரு முறையும் ஒரு நெல்லைத் தின்று பார்த்தேன்.

வேலை முடிந்து மூச்சு வாங்க உட்கார்ந்தபோது, நாவிதர் எல்லோருக்கும் சொன்னாரே, உங்களுக்கு மட்டும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அவர் முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிணற்றடியில் மிச்சமிருந்த வெளிச்சம் அவர் தலையில் பட்டுத் திரும்பியது. பல வருட வழுக்கை. ஒரு முடி இல்லை.

“நான் எதுக்குங்க அந்தப் பலகைல போய்க் குந்தப் போறேன்?” என்றார்.

ஐந்தாம் நாள் போய் அவர் விதையில் நூறு எண்ணிப் பார்த்தேன். எழுபத்தாறு முளைத்திருந்தது. நாற்றங்காலுக்கு அது போதும். பன்னிரண்டு வயல்களும் அந்தச் சம்பாவில் நின்றன. ஆராய்ச்சி நின்றுவிடவில்லை, நானும் சித்தூருக்குப் போகவில்லை. பேச்சில் அலசும் வரியைத் திரும்பச் சேர்த்து நாவிதரிடம் சொல்லிக் காட்டினேன். அரைத் தலையும் ஒரு கிருதாவும் ஆகிறது என்றார். ஆகட்டும் என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் பேசிவிட்டேன். எழுந்து நின்றதும் முதல் வேலையாக, தலையில் துண்டு கட்டியிருப்பவர்களை எண்ணிவிடுகிறேன்.